யார் சொன்னால் யார் கேட்பது?

2023 டிசம்பர் 26. நள்ளிரவை நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பம், சின்னக்குப்பம் பக்கத்து வீடுகளில் ஜனங்கள் கண்ணெரிச்சலோடு எழுந்தார்கள். கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கையில் கிடைத்த பைக்கிலும் ஆட்டோவிலும், அதுவும் இல்லாதவர்கள் கால்நடையாகவும் கிளம்பினார்கள். மூச்சுத்திணறல், வாந்தி என்று ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் வள்ளூரில் எங்களுக்கு வாசனை வரவில்லை. வாட்ஸ்அப் வந்தது. ஒருவர், 'உடனே ஊரை விட்டுக் கிளம்புங்கள்' என்கிறார். இன்னொருவர், 'கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருங்கள்' என்கிறார். மூன்றாமவர், 'எல்லாம் கட்டுக்குள் வந்துவிட்டது, வதந்தியை நம்பாதீர்கள்' என்று கும்பிடும் பொம்மையோடு அனுப்புகிறார். மூன்றுமே நல்லெண்ணத்தில் அனுப்பியவைதான். எதை நம்புவது?

மறுநாள் காலை டீக்கடையில் கடைக்காரர் கேட்டார்: "அண்ணே, நம்ம பக்கம் இப்படி ஒண்ணு வந்தா, யார் சொல்றதைக் கேக்கணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனைக்கும் எங்களைச் சுற்றி இருப்பவை சாதாரணச் சமாசாரங்கள் இல்லை. வள்ளூரில் 1500 மெகாவாட் அனல்மின் நிலையம். பக்கத்தில் வடசென்னை அனல்மின் நிலையம். காமராஜர் துறைமுகம். அங்கே எல்.என்.ஜி. முனையம். தெற்கே மணலியில் சுத்திகரிப்பு ஆலை. இவற்றுக்கு நடுவே பொன்னேரி நெடுஞ்சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும். ஆம்புலன்ஸே முக்கி முனகிப் போக வேண்டிய சாலை அது.

அந்தக் கேள்விக்கு விடை தேடிப்போனால், அது என்னைக் காட்டுத்தீயில் கொண்டுபோய் விட்டது. எங்கள் ஊரில் காடு என்று ஒன்று இருந்தால் அது சீமைக்கருவேலம்தான். ஆனாலும் 'யார் சொன்னால் யார் கேட்பது' என்பதை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது காட்டுத்தீதான்.

1970-ம் ஆண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 13 நாட்கள் அடுத்தடுத்துக் காட்டுத்தீ. 16 பேர் செத்தார்கள், சுமார் 700 கட்டடங்கள் சாம்பல், ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்துபோனது. தீயணைப்பு வண்டிகளுக்கோ ஆட்களின் துணிச்சலுக்கோ அங்கே பஞ்சமில்லை. அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோதுதான் உண்மையான கோளாறு தெரிந்தது. மத்திய வனத்துறை ஒரு பக்கம், மாநிலத் துறை ஒரு பக்கம், ஊர் தீயணைப்பு நிலையங்கள் இன்னொரு பக்கம். ஒருவர் வயர்லெஸ்ஸில் இன்னொருவர் பேச முடியாது. ஒரே வண்டிக்கு ஆளுக்கொரு பெயர். ஒரே தீக்கு இரண்டு மூன்று தலைவர்கள். இதைச் சரிசெய்ய அவர்கள் உருவாக்கியதுதான் இன்சிடென்ட் கமாண்ட் சிஸ்டம். இன்று வெள்ளம், பூகம்பம், ரசாயன விபத்து என்று எல்லாவற்றுக்கும் பல நாடுகள் இந்த முறையைத்தான் பின்பற்றுகின்றன.

பெரிய ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. நம் வீட்டுக் கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல்கட்டை ஒருவர் பார்த்துக்கொள்வார். பந்தி விசாரிப்பது ஒருவர். மளிகை, வண்டி, ரூம் சாவி ஒருவரிடம். 'நாளைக்குக் காலையில் எத்தனை பேருக்கு டிபன்?' என்று கணக்குப் போட ஒருவர். யாருக்குச் சந்தேகம் வந்தாலும் கேட்க வேண்டியது ஒரே ஒருவரை. அவர் பெரும்பாலும் பெண்ணின் அப்பாவாக இருக்க மாட்டார். பத்துக் கல்யாணத்தை நடத்திப் பழகிய ஒரு சித்தப்பாவாக இருப்பார். தீக்களத்திலும் இதே பிரிவுதான். களத்தில் இறங்கிச் செய்பவர்கள் ஓர் அணி. அடுத்த பன்னிரண்டு மணி நேரத்துக்குத் திட்டம் போடுபவர்கள் ஓர் அணி. சாப்பாடு, தண்ணீர், டீசல், ஸ்ட்ரெச்சர் பார்ப்பவர்கள் ஓர் அணி. இவர்களுக்கு மேலே ஒரே ஒரு கமாண்டர். அவர் பக்கத்தில் பாதுகாப்பு அதிகாரி ஒருவர். 'காற்று திரும்புகிறது, ஆட்களை வெளியே எடுங்கள்' என்று சொல்வது அவர் வேலை. ஒருவருக்குக் கீழே நேரடியாக ஐந்து பேருக்கு மேல் வேண்டாம், ஏழு வந்தால் பிரித்துவிடு என்பது பொதுக் கணக்கு.

எல்லாக் கல்யாணத்திலும் ஒரு மாமா இருப்பார். எல்லாருக்கும் உத்தரவு போடுவார், எந்தப் பொறுப்பும் அவருடையது இல்லை. விபத்து நடக்கும் இடத்தில் அந்த மாமாக்கள் பத்துப் பேர் சைரன் வைத்த காரில் வந்து இறங்கினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த முறை இந்தியாவுக்குத் தெரியாதது அல்ல. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-லேயே இதை நம் நிர்வாகத்துக்கு ஏற்ப மாற்றி, 'இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ் சிஸ்டம்' என்ற பெயரில் வழிகாட்டி நெறிமுறைகளாக வெளியிட்டது. மாநிலத்தில் தலைமைச் செயலாளர், மாவட்டத்தில் ஆட்சியர் பொறுப்பு அதிகாரி. அவர்களுக்குக் கீழே கமாண்டர், அவருக்குக் கீழே மேலே சொன்ன மூன்று அணிகள். காகிதத்தில் எல்லாம் கச்சிதம்.

எட்டு வருஷம் கழித்து, 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி.

சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து இன்னொரு குழு. மலையேற்றம் முடிந்து கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைத் தீ சூழ்ந்தது. காய்ந்த புல் சரிவில் தீ மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஏறும். சம்பவ இடத்திலேயே 9 பேர். பிறகு ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொருவராகப் போய், மொத்தம் 23 பேர். பெரும்பாலும் இருபது, முப்பது வயதுக்காரர்கள். ஐ.டி. வேலையில் இருந்தவர்கள், புதுசாகக் கல்யாணமானவர்கள். அந்த வாரம் தமிழ்நாட்டில் எந்த வீட்டிலும் வேறு பேச்சு இல்லை.

அன்று அந்தச் சரிவுகளில் முதலில் ஏறியவர்கள் ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும்தான். போர்வையில் டோலி கட்டி, இருட்டில், தீக்காயம் பட்டவர்களைச் சுமந்து இறக்கினார்கள். அப்புறம் வனத்துறை, தீயணைப்புத் துறை, போலீஸ், வருவாய்த் துறை, மருத்துவர்கள், விமானப்படை ஹெலிகாப்டர்கள், கமாண்டோக்கள். யாருடைய உழைப்பையும் நான் குறை சொல்லவில்லை. நான் கேட்பது வேறு. அனுமதி வாங்கிய பாதை ஒன்று, போன பாதை வேறு என்று அப்போதே செய்திகள் வந்தன. அப்படியென்றால் அன்று சாயங்காலம் 'மலையில் மொத்தம் எத்தனை பேர்? எத்தனை பேர் இறங்கிவிட்டார்கள்? மிச்சம் யார், எந்தப் பள்ளத்தில்?' என்ற கணக்கை ஒரே இடத்தில் ஒரே ஆள் வைத்திருக்க வேண்டாமா? திட்ட அணி என்பது அந்த ஆள்தான். துப்பாக்கி, ஹெலிகாப்டர் எதுவும் வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும், எல்லாரும் தன்னிடம் வந்து சொல்லியே ஆக வேண்டும் என்ற அதிகாரமும் போதும்.

குரங்கணிக்குப் பிறகு சில நல்ல காரியங்கள் நடந்தன. மலையேற்றத்துக்கு அதே ஆண்டு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை அரசு திறந்தபோது, மலைக்கிராமத்து, பழங்குடி இளைஞர்கள் சுமார் 300 பேருக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாகச் சேர்த்தது. தீப் பருவத்தில் பாதைகளை மூடியும் வைக்கிறார்கள். டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தீயைப் பார்த்து செல்போனுக்கு எச்சரிக்கை அனுப்புகிறது. பொதுமக்களும் அதில் பதிவு செய்துகொள்ளலாம். 2023 ஏப்ரலில் கோவை மதுக்கரைப் பக்கம் மலை எரிந்தபோது, விமானப்படை ஹெலிகாப்டர் ராட்சத வாளியில் மலம்புழா அணைத் தண்ணீரை மொண்டுவந்து ஊற்றியது.

கருவிகள் வந்துவிட்டன. ஆட்கள்?

காட்டுத்தீக்கு முன்னால் உண்மையில் நிற்பவர் யார் தெரியுமா? கோடைக்கு மட்டும் கூலிக்கு அமர்த்தப்படும் தீத்தடுப்புக் காவலர். கையில் பச்சைத் தழைக் கொத்து, காலில் சில சமயம் ரப்பர் செருப்பு. 2020 பிப்ரவரியில் கேரளாவின் திருச்சூர் மாவட்டத்தில் தீயை அணைக்கப்போன வனக்காவலர்கள் மூன்று பேர் கருகிப்போனார்கள். 2024 ஜூனில் உத்தராகண்ட் பின்சரில் தீயணைக்கப் போன நான்கு பேர் அங்கேயே இறந்தார்கள். அவர்களிலும் தினக்கூலிக்காரர் உண்டு. காட்டின் காற்றும் சரிவும் நன்றாகத் தெரிந்தவர் இவர்தான். அணியின் வரைபடத்தில் இவருக்குப் பெட்டியே கிடையாது. வருஷா வருஷம் மாறுகிறார், அவரோடு அவர் அனுபவமும் வீட்டுக்குப் போய்விடுகிறது.

மேலேயும் இதே கதைதான், வேறு மாதிரி. ஒரு தாசில்தாருக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்து அணியில் சேர்ப்பார்கள். அடுத்த மாதம் மாறுதல் உத்தரவு வரும். புதிதாக வருபவர் பயிற்சி எடுத்திருப்பாரா என்பது அவர் ஜாதகத்தைப் பொறுத்தது. நாற்காலிக்குத்தான் பயிற்சி கொடுக்கிறோம், மனிதருக்கு இல்லை.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு சின்னப் புத்தகம். அந்தப் பொறுப்புக்கு வர ஆசைப்படுபவர் நிஜத் தீயில் ஒரு மூத்தவரின் பக்கத்தில் நின்று வேலை பழக வேண்டும். ஒவ்வொரு வேலையையும் சரியாகச் செய்தார் என்று மூத்தவர் அந்தப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாக் கையெழுத்தும் சேர்ந்தபிறகு தகுதி அட்டை. அதை அவர்கள் 'ரெட் கார்டு' என்கிறார்கள். கால்பந்தில் ரெட் கார்டு காட்டினால் வெளியே போக வேண்டும். அங்கே அது இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். அலுவலகத்தில் நீங்கள் எந்தப் பதவி என்பது தீக்களத்தில் இரண்டாம் பட்சம். அட்டை வைத்திருக்கும் இளையவர் சொன்னால் பெரியவர் கேட்க வேண்டும். நம் ஊரில் ஆட்சியர் முன்னால் ஒரு ரேஞ்சர், 'ஐயா, இங்கே நான் சொல்வதுதான்' என்று சொல்வதைக் கற்பனை செய்து பார்த்தேன். சிரிப்பு வந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அங்கேயும் எல்லாம் சொர்க்கம் இல்லை. இந்த அணிகளில் இருப்பவர்களுக்கு வேறு நிரந்தர வேலை உண்டு. தீ வந்தால் அதை விட்டுவிட்டு 14 நாள் போக வேண்டும், அப்புறம் கட்டாய ஓய்வு. பழம் பெருச்சாளிகள் ஓய்வுபெறுகிறார்கள். இளையவர்களுக்குக் கைக்குழந்தை இருக்கிறது, மனைவிக்கும் வேலை இருக்கிறது, இரண்டு வாரம் எப்படிப் போவது? ஆள் கிடைக்காமல் திண்டாடி, 2011 வாக்கிலேயே 'அடுத்த தலைமுறை அணியை எப்படி அமைப்பது' என்று தனியாக ஒரு குழு போட்டு ஆராய்ந்தார்கள். முதல் வகை அணி, இரண்டாம் வகை அணி என்று இருந்ததை எல்லாம் சேர்த்து 2024-ல் ஒரே வகையாக்கிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 2009 பிப்ரவரி 7-ல் 173 பேர் காட்டுத்தீயில் இறந்தார்கள். அன்று பயங்கரமான நாள் என்று முன்னாலேயே வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தும், சில கட்டுப்பாட்டு மையங்களில் முழு அணி உட்காரவில்லை என்று விசாரணை ஆணையம் குறிப்பிட்டது. பணக்கார நாடுகளிலும் நாற்காலி காலியாக இருந்திருக்கிறது.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன்.

எண்ணூர் இப்போது சென்னை மாவட்டம், மாநகராட்சியின் முதல் மண்டலம். போலீஸோ ஆவடி ஆணையரகம். ஆற்றைத் தாண்டினால் வள்ளூர், திருவள்ளூர் மாவட்டம், மீஞ்சூர் ஒன்றியம், கிராம ஊராட்சி. துறைமுகம் மத்திய அரசுடையது. வள்ளூர் அனல்மின் நிலையம் மத்திய, மாநில நிறுவனங்களின் கூட்டு. கடலில் நடந்தால் கடலோரக் காவல்படை. ஒவ்வொரு ஆலைக்கும் சொந்தத் தீயணைப்பு வண்டி, சொந்தப் பாதுகாப்பு அதிகாரி. வாயுவுக்கு மாவட்ட எல்லை தெரியுமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படிந்ததே, அது எந்த ஆணையரகம் என்று கேட்டுக்கொண்டா படிந்தது? அந்த எண்ணெயை வாளியிலும் வெறுங்கையிலும் அள்ளியவர்கள் எண்ணூர் மீனவர்கள். குரங்கணியில் டோலி தூக்கியவர்களைப் போலவே முதலில் வந்தவர்கள். எந்த வரைபடத்திலும் பெட்டி இல்லாதவர்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. போபாலுக்குப் பிறகு 1989-ல் வந்த அபாயகர ரசாயன விதிகளின்படி, ஆலைக்கு உள்ளே நடந்தால் ஆலை நிர்வாகம் திட்டம் வைத்திருக்க வேண்டும். வெளியே பரவினால் மாவட்ட நிர்வாகம் வைத்திருக்க வேண்டும். இன்னொன்றும் அதில் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 'இங்கே இன்ன ஆபத்து உண்டு, நடந்தால் நீங்கள் இதைச் செய்யுங்கள், இதைச் செய்யாதீர்கள்' என்று அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஆலை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அது அவர்கள் காட்டும் கருணை அல்ல, கடமை. 1996-ல் வந்த ரசாயன விபத்து விதிகள், தொழிற்பேட்டைப் பகுதிகளுக்கு உள்ளூர் நெருக்கடிக் குழு வேண்டும் என்கின்றன. அது மாதம் ஒருமுறை கூட வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு ஒத்திகை நடத்த வேண்டும். உங்கள் பகுதியில் கடைசி ஒத்திகை எப்போது என்று பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

ஒத்திகையில் சைரன் ஊதி, ஸ்ட்ரெச்சரில் நடித்தவரைத் தூக்கி, போட்டோ எடுத்துக் கலைவது எனக்குப் போதவில்லை. எனக்கு வேண்டியது ஒரு பட்டியல். எண்ணூர், மணலி, மீஞ்சூர் மூன்றையும் சேர்த்து ஒரே அணி. கமாண்டர் யார்? அவர் லீவில் இருந்தால் யார்? அந்த இரண்டாமவருக்கும் மாறுதல் வந்தால், பக்கத்தில் நின்று பழகிக்கொண்டிருக்கும் மூன்றாமவர் யார்? பாதுகாப்பு அதிகாரி, சாலையிலிருந்து டிரெய்லர்களை ஒதுக்க ஒருவர், மக்களுக்குச் சொல்ல ஒரே ஒரு குரல். குப்பத்துப் பஞ்சாயத்தில் மைக் வைத்திருப்பவர் அந்தப் பட்டியலில் பெயரோடு இருக்க வேண்டும். பயிற்சியும் முகமூடியும் காப்பீடும் அவருக்கும் வேண்டும். ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்களும் ஆலைகளின் பாதுகாப்பு அதிகாரிகளும் இந்தப் பக்கம் நிறையவே குடியிருக்கிறார்கள். அவர்கள் தலையில் இருப்பதை இளையவர்களுக்கு இறக்கிவைக்க இப்போது விட்டால் பிறகு நேரமில்லை.

ஏன் ஒரே குரல் என்று கேட்கலாம். அமோனியா வந்தால் ஓடுவதா, கதவைச் சாத்துவதா என்பது நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள், காற்று எங்கே அடிக்கிறது என்பதைப் பொறுத்தது. எல்லாரும் ஓடுகிறார்களே என்று வாயு போகும் திசையிலேயே ஓடினால் அது கூடவே வரும். காற்றுக்குக் குறுக்காக நகர வேண்டும், மூக்கில் ஈரத்துணி வேண்டும். அந்தப் பக்கம் குறுக்காக எந்தச் சாலை, அதில் ரயில்வே கேட் மூடியிருக்கிறதா என்பதைப் பார்த்துச் சொல்ல, நள்ளிரவில் விழித்திருக்கும் ஒருவர் வேண்டும். இப்போதைக்கு நம் கையில் இருப்பவை: அவசரத்துக்கு 112, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வள்ளூர் கிராம ஊராட்சி என்பதில் ஒரு லாபம் உண்டு. வருஷத்துக்கு ஆறு முறை கிராமசபை. அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானம் கேட்கலாம் என்றிருக்கிறேன்: உள்ளூர் நெருக்கடிக் குழுவில் யார் யார், அவர்கள் இல்லாதபோது யார் யார், இந்தப் பட்டியலைத் தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிவைக்க வேண்டும்.

டீக்கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். டிக்காஷனை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "அந்த லிஸ்ட்ல என் நம்பரையும் போட்டுடுங்க அண்ணே. காலைல மூணரைக்கே கடை தொறந்துடறேன், டிரெய்லர் டிரைவருங்க எல்லாரும் நம்ம கடைலதான் நிப்பானுங்க. வண்டியை ஓரங்கட்டுன்னா நான் சொன்னா கேப்பானுங்க."